தேர் போகும் சாலையில் ஓர் இருவாச்சிக் கூடு

அப்பா மரம் வெட்டுகிறவர் என்று நீங்கள் பள்ளியில் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். தப்பில்லை, ஆனால் முழுக்கச் சரியும் இல்லை. வெட்டுவது நானில்லை, வெட்டுகிறவரை மேலே ஏற்றி இறக்குகிறவன் நான். எங்கள் லோரியின் முதுகில் ஓர் இரும்புக் கை மடங்கிக் கிடக்கும். அதை நீட்டி, நுனியில் இருக்கும் கூடையில் ஆளை நிறுத்தி, கிளை இருக்கும் உயரத்துக்குக் கொண்டுபோய் அசையாமல் பிடித்திருக்க வேண்டும். கூடையில் நின்று ரம்பம் போடுகிறவர் என் கூட்டாளி. நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உங்கள் கன்னத்தைக் கிள்ளுவாரே, அந்த மாமாதான்.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். புத்தகத்தில் வருவது போல எழுத வராது. ஆனாலும் இதை எழுத ஆசைப்படுகிறேன். நாங்கள் வெட்டிய கிளைகளுக்குக் கணக்கில்லை. வெட்டாமல் விட்டது ஒன்று. இத்தனை வருஷ வேலையில் நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அந்த ஒன்றைத்தான்.

தைப்பூசம் நெருங்கிவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தேர் டவுனிலிருந்து புறப்பட்டு மலையடிவாரத்தைப் பார்த்துப் போகும் சாலை உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரங்கள். சாயங்காலமானால் இலையை மூடிக்கொண்டு தூங்கிவிடும் மரம், அதனால்தான் அந்தப் பெயர். அதன் கிளைகள் சாலைக்கு மேலே கைகோத்துக் கூரை போட்டது மாதிரி நிற்கும். வெயிலுக்கு நல்லது. தேருக்கு நல்லதில்லை. தேரின் உச்சி கிளையில் இடித்தால் என்ன ஆகும்? அதனால் ஒவ்வொரு வருஷமும் தேர் வருவதற்கு முன்பு நாங்கள் போய்க் கூரையில் வழி திறந்துவிட வேண்டும்.

அதற்கு எங்களிடம் ஒரு மூங்கில் கம்பு உண்டு. தேரின் உச்சிக்கு மேலே இன்னும் ஒரு சாண் வருகிற உயரம். நுனியில் ஒரு துணி கட்டியிருக்கும். என் கூட்டாளி லோரியின் பின்தட்டில் நின்று அதை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார். நான் ஆமை மாதிரி லோரியை ஓட்டுவேன். கம்பு எந்தக் கிளையில் தட்டுகிறதோ அந்தக் கிளைக்கு அடையாளம் போட்டுப் படம் எடுத்து மாநகர் மன்ற அலுவலகத்துக்கு அனுப்புவோம். அங்கிருந்து சரி என்று பதில் வந்தால் கிளை கீழே வந்துவிடும்.

அந்த ஒரு கிளையை விட்ட வருஷம், வேலை தொடங்குமுன் அலுவலகத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். எங்கள் முதலாளிக்கு உடம்பு சரியில்லை என்பதால் எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார். சாலையோர மரங்களுக்கெல்லாம் பொறுப்பான அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். மலாய்க்காரர், நரைத்த மீசை. நகரத்தில் எங்கே ஒரு கிளை ஒடிந்து ரோட்டில் போகும் காடிமேல் விழுந்தாலும் முதல் போன் அவருக்குத்தான் வரும். ஐயா என்பது போல, அவரை நாங்கள் துவான் என்போம். அவர் பேசியது மலாயில். உங்களுக்காக நம் பேச்சில் எழுதுகிறேன்.

முதலில் பேச எழுந்தது நம்ம பெண் ஒருத்தி. சுங்கை பினாங் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள், கழுத்தில் சின்னச் சிலுவை. பல்கலைக்கழகத்தில் பறவைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவள் ஆராய்ச்சி செய்தது இருவாச்சிப் பறவையை. மலாயில் எங்காங். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் ஒரு கொம்புத் தொப்பி, கறுப்பு வெள்ளை உடம்பு. ஆயர் ஈத்தாம் பக்கம் மின்கம்பியில் உட்கார்ந்து கெக்கெக்கென்று சிரிக்குமே, அதுதான்.

அவள் நன்றாகத்தான் பேசினாள். ஆனால் திரையில் வந்ததெல்லாம் கோடுகள். ஒரு கோடு ஏறியது, இன்னொன்று இறங்கியது, மூன்றாவது வளைந்து போனது. என் கூட்டாளி என் காதில் கிசுகிசுத்தார்.

“என்னாண்ணே இது, பங்குச் சந்தையா? நம்ம பறவை லாபமா, நட்டமா?”

“வாய மூடுங்க லா,” என்றேன். எனக்கும் புரியவில்லை.

அவள் முடித்ததும் துவான் தலையாட்டினார். “பாகுஸ், பாகுஸ். ரொம்ப நல்லா இருக்கு. இப்ப நான் என்ன செய்யணும்?”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். “இன்னும் ஆராய்ச்சி தேவைப்படுது, துவான்.”

அறையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். துவான் மட்டும் சிரிக்கவில்லை. “சரி, ஆராய்ச்சி முடிஞ்சதும் மறுபடி வந்து சொல்லுங்க,” என்று உண்மையாகவே சொன்னார். பிறகு தேர் போகும் சாலைக்கு வந்தார். நாங்கள் அனுப்பிய படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கும் பெரிய மரம் வந்தது. தண்டிலிருந்து சாலைக்கு நீண்டிருக்கும் பருத்த கிளை. கம்பு தட்டிய கிளை. அடியோடு எடுக்க வேண்டும் என்று துவான் சொன்னார்.

அந்தப் பெண் நாற்காலி சாயும்படி எழுந்து நின்றாள்.

“அந்த மரம்! துவான், அதுலதான் கூடு இருக்கு! கிளை தொடங்குற எடத்துல ஒரு பொந்து இருக்கு பாருங்க, அதுக்குள்ளதான் பெண்பறவை இருக்கு!”

துவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மிஸ் என்பது போல அவளை சிக் என்று கூப்பிட்டார். “சிக், இவ்வளவு நேரம் பேசினீங்க. இந்த மரத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே?”

“பின்னால அட்டவணையில போட்டிருக்கேன், துவான்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

துவான் கோபப்படவில்லை. “தேர் அன்னிக்கு அந்தக் கிளைக்குக் கீழே எத்தனை ஜனம் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். ஒடிஞ்சு விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது? எடுக்க வேணாம்னா ஏன்னு எனக்குக் காட்டுங்க. இங்க வேணாம், மரத்தடியில வந்து காட்டுங்க. வெள்ளிக்கிழமை காலையில நான் அங்க வர்றேன்,” என்றார். அதற்கப்புறம் வந்த திங்கட்கிழமை எங்களுக்கு அங்கே வேலை தொடக்கம்.

கூட்டம் முடிந்து நாங்கள் லோரியில் ஏறப்போனபோது அவள் ஓடி வந்தாள்.

“அண்ணே, அந்தச் சாலையில வெட்டப்போறது நீங்கதானா?”

“ஆமாம்மா. நான் ஏத்துவேன், இவரு வெட்டுவாரு.”

“கொஞ்சம் பேசலாமாண்ணே?”

பக்கத்துக் கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததுமே அவள் கண் கலங்கிவிட்டது. என் கூட்டாளி தே தாரேக்கை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, உலகத்திலேயே சுலபமான காரியம் என்பது போலச் சொன்னார்: “இதுக்குப் போயி ஏம்மா அழுவுற? கூட்டத் தூக்கி வேற மரத்துல வெச்சிட்டாப் போச்சு. காக்கா கூடு எத்தன மாத்தியிருக்கோம், என்னாண்ணே?”

நானும் தலையாட்டினேன். எங்கள் வேலையில் கூடு என்றால் அதுதான். குச்சிகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கிண்ணம். கையில் எடுக்கலாம், பக்கத்துக் கிளையில் வைக்கலாம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அண்ணே, இதத் தூக்கணும்னா மரத்தையே தூக்கணும்.”

பிள்ளைகளே, அவள் எங்களுக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். இருவாச்சி கூடு கட்டாது. பெரிய மரத்தில் தானாக உண்டான பொந்தைத் தேடும். அம்மாப் பறவை உள்ளே போகும். மண்ணும் எச்சமும் பழச் சக்கையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். ஒரு சின்னக் கீறல் மட்டும் திறந்திருக்கும். அதன் வழியாக அப்பாப் பறவை அலகை நீட்டிப் பழம் ஊட்டும். முட்டையிட்டு, பொரித்து, குஞ்சு பறக்கும் பருவம் வரைக்கும் ஏறக்குறைய மூன்று மாதம் அம்மா வெளியே வராது. உள்ளே போனதும் அதன் பெரிய இறகுகளெல்லாம் உதிர்ந்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. அப்பா வந்தால்தான் சாப்பாடு. அப்பா பயந்து வராமல் போனால் உள்ளே எல்லாரும் பட்டினி.

என் கூட்டாளி தே தாரேக்கைக் கீழே வைத்துவிட்டார். “மூணு மாசமா ஊட்டுவான்? நம்மள மூணு நாளு பால் பவுடர் வாங்கிட்டு வரச் சொன்னாலே மறந்துட்டு வர்றோம்,” என்றார். பிறகு தானே சொன்னார்: “நல்ல மனுசன்யா அவன்.”

அவள் இன்னொன்றும் சொன்னாள். அதற்கு முந்தின வருஷம் வேறொரு சாலையில் வேறு ஆட்கள் இப்படி ஒரு கிளையை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. அப்பாப் பறவை வாயில் பழத்தோடு வந்து, கிளை இருந்த இடத்தில் காற்றில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்றாம். “நான் எழுதினது அச்சாகி வந்தப்ப அந்தக் கூடே இல்லண்ணே. யாருக்காக எழுதினேன்னே தெரியல. இந்தத் தடவையும் போச்சுன்னா...” என்று நிறுத்திவிட்டாள்.

எனக்குப் பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் வேலைதான். அதைப் பற்றித்தான் அவள் கேட்டாள்.

“அண்ணே, காலையில வேலைக்குப் போகும்போது துவான் உங்ககிட்ட என்னா கேப்பாரு?”

“என்னா கேப்பாரு? எந்த மரம், எந்தக் கிளை, எப்ப முடியும், ஜனங்களுக்கு ஆபத்து இல்லையே. அவ்ளோதான்.”

“கோடு போட்டுக் காட்டச் சொல்ல மாட்டாரா?”

“கோடு போட்டா வீட்டுக்கு அனுப்பிடுவாரு,” என்றார் என் கூட்டாளி.

அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டாள். எந்த மரம். எந்தக் கிளை. எப்ப. ஆபத்து. பிறகு கேட்டாள்: “நாளைக்கு உங்க லோரியில ஏறி வரலாமாண்ணே? நீங்க எப்படி அளக்குறீங்கன்னு பாக்கணும்.”

மறுநாள் காலையில் தொப்பியும் தொலைநோக்கியுமாக வந்து நின்றாள். என் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று பின்தட்டில் ஏறி என் கூட்டாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். சாலையின் இன்னொரு பாதியை அளக்க வேண்டியிருந்தது. வழக்கம்போல லோரியை மெதுவாக ஓட்டினேன். கம்பு கிளைகளில் தட்டத் தட்ட என் கூட்டாளி “ஹோய்!” என்று கத்துவார், நான் நிறுத்துவேன்.

ஐந்தாறு ஹோய் ஆகியிருக்கும். பின்னாலிருந்து பெண்குரல் கேட்டது.

“அண்ணே, ஒரு சந்தேகம்.”

“கேளுமா.”

“தேரு ரோட்டு மேலதானே போவுது?”

“பின்ன? ஆகாசத்துலயா போவும்?” என்றார் என் கூட்டாளி.

“அப்ப கம்ப ஏண்ணே லோரி மேல வெச்சிருக்கீங்க?”

நான் லோரியை ஓரமாக நிறுத்தினேன். என் கூட்டாளி கம்பின் அடியைப் பார்த்தார். அது லோரியின் தட்டில் நின்றது. தட்டு ரோட்டிலிருந்து இடுப்பளவுக்கு மேல். அவர் கம்பைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தேன்.

எங்களுக்கு முன்னால் இந்த வேலை பார்த்தவர்கள் கம்பை ரோட்டில் ஊன்றி ஊன்றி நடந்துதான் அளந்திருக்கிறார்கள். லோரி வந்த பிறகு யாரோ, ஏன் நடக்கணும், ஏறி நின்னுக்கலாமே என்று ஏறி நின்றிருக்கிறார். அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் தேருக்கு லோரி உயரத்தையும் சேர்த்து வழி திறந்துவிட்டிருக்கிறோம். ஒருவர்கூடக் கேட்டதில்லை.

“முருகன் லோரியில ஏறி வருவாருன்னு நெனச்சிட்டோம் போல,” என்று என் கூட்டாளி சொன்னதும் மூன்று பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பின்னால் ஹாரன் அடித்த காடிக்காரர்கள் எங்களைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

சிரித்து முடித்ததும் லோரியைத் திருப்பினேன். நேராகக் கூடு இருந்த மரத்துக்குப் போனோம். என் கூட்டாளி கீழே இறங்கி, கிளைக்கு நேர் கீழே ரோட்டில் கம்பை ஊன்றினார். துணி கட்டிய நுனிக்கும் கிளைக்கும் நடுவே ஒரு முழம் வெளிச்சம் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் துவான் வந்தார். அன்று திரையுமில்லை, கோடுமில்லை. அவள் மரத்தடியில் நின்று பேசினாள். நான் லோரிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“துவான், இந்த மரம். அந்தக் கிளை. பொந்துக்குள்ள தாய்ப் பறவை அடைஞ்சிருக்கு, சித்திரை வரைக்கும் வெளிய வராது. இந்தக் கிளைய அடியில வெட்டினா பொந்து திறந்துடும், எல்லாம் செத்துரும். வெட்டலைன்னா தேரு முட்டுமா? முட்டாது. அண்ணே, காட்டுங்க.”

என் கூட்டாளி கம்பை ஊன்றினார். துவான் ஒரு முழ வெளிச்சத்தைப் பார்த்தார். “போன வாரம் முட்டுதுன்னு படம் அனுப்பினீங்களே?” என்று என்னிடம் கேட்டார்.

லோரி விஷயத்தைச் சொன்னேன். துவான் மீசையைத் தடவிக்கொண்டார். அப்புறம், “இத வெளிய யாருகிட்டயும் சொல்லாதீங்க, அண்ணே,” என்றார். மலாய்க்காரர்கள்கூட நம்மை அண்ணே என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும்தானே? நானும் இன்றுவரை சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான்.

ஆனால் அவர் அதோடு விடவில்லை. ஒரு ரப்பர் சுத்தியலை எடுத்துத் தண்டைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். “பொந்து இருந்தா மரத்துக்குள்ள வெறுமை இருக்கும். கிளை கனமா இருக்கு. தேரு முட்டாது, சரி. காத்தடிச்சு ஒடிஞ்சா?” என்றார். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுத் தட்டிக் காட்டினார். எங்கே டொக் என்று கேட்கிறது, எங்கே டம் என்று கேட்கிறது என்று அவளும் காதை வைத்துக் கேட்டாள். அது அவளுக்குத் தெரியாத பாடம். ஆசையோடு கற்றுக்கொண்டாள்.

“அப்ப கனத்தக் கொறைக்கலாமா, துவான்?” என்றாள். “நுனிப்பக்கம் இருக்குற சின்னக் கிளைங்கள மட்டும்?”

“குறைச்சா தாங்கும்,” என்றார் துவான். “ஆனா ரம்பச் சத்தத்துக்கு ஆண்பறவை ஓடிடாதா?”

நான் நினைத்தேன், இப்போது மறுபடி இன்னும் ஆராய்ச்சி தேவை என்று சொல்லப்போகிறாள் என்று. அவள் அப்படிச் சொல்லவில்லை.

“முழுசாத் தெரியாது, துவான். தெரிஞ்சத சொல்றேன். பஸ்ஸுக்குப் பயப்படாது, ஜனங்களுக்குப் பயப்படாது. ஒருநாள் பக்கத்துச் சாலையில செயின்சா ஓடினப்ப காலை முழுக்க வரவே இல்ல. அதனால செயின்சா வேணாம், கை ரம்பம். அது காலையில வந்து ஊட்டிட்டுப் போனா நடுவுல நல்ல இடைவெளி விடும். அந்த நேரத்துல செய்யலாம். நான் கீழ நின்னு பாத்துக்குறேன். அது வர்றத பாத்தா குடைய விரிக்கிறேன், நிறுத்திடணும்.”

துவான் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “திங்கட்கிழமை. கை ரம்பம். குடை விரிஞ்சா வேலை நிக்கணும். நானும் வர்றேன்,” என்றார்.

அவள் சந்தோஷத்தில் குதித்திருப்பாள் என்று நினைப்பீர்கள். இல்லை. துவான் போனதும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள். தொலைநோக்கியை மடியில் வைத்துக்கொண்டு பொந்தையே பார்த்தாள்.

திங்கட்கிழமை என் கூட்டாளியின் புலம்பலைக் கேட்க வேண்டுமே! “இந்தக் காலத்துல கை ரம்பமா? கையி போச்சு, தோளு போச்சு, முருகா, உனக்காகத்தான்,” என்று முனகிக்கொண்டே கூடையில் ஏறினார். நான் கூடையை அவ்வளவு மெதுவாக அதற்கு முன்பு ஓட்டியதில்லை. இயந்திரத்தின் இரைச்சல் ஏறாமல், ஆள் நடக்கும் வேகத்தில் மேலே கொண்டுபோனேன். சின்னச் சின்னக் கிளைகளைக் கயிற்றில் கட்டி இறக்கினார். எதையும் பொத்தென்று போடவில்லை.

பாதி வேலையில் கீழே கறுப்புக் குடை விரிந்தது.

நான் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் கூட்டாளி கூடைக்குள் குந்திவிட்டார். மலைப்பக்கமிருந்து காற்றை அறுக்கும் சத்தத்தோடு அப்பாப் பறவை வந்தது. அதன் கணக்குப்படி வரவேண்டிய நேரமில்லை. அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டது. கூடைக்கு எதிர்க் கிளையில் இறங்கித் தலையைச் சாய்த்து என் கூட்டாளியைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை, கை நீட்டும் தூரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான். துவான் ரோட்டில் இரண்டு கையையும் விரித்து, வந்த மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

பறவை பொந்துக்குத் தாவியது. தொண்டையை அசைத்து ஓர் ஆலம்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்தது. கீறலுக்குள்ளிருந்து இன்னோர் அலகு நீண்டு அதை வாங்கிக்கொண்டது. இன்னொரு பழம். இன்னொன்று. பிறகு அது சாவகாசமாகப் பறந்துபோனது.

கூடை கீழே வந்ததும் என் கூட்டாளியின் கண் கலங்கியிருந்தது. “தூசு,” என்றார்.

தேர் நாள் வந்தது. நீங்களும் என்னோடு இருந்தீர்கள், ஆனால் ஐஸ்கட்டி போட்ட மோர் மேல்தான் உங்கள் கண். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. காலையிலிருந்து தேங்காய் உடைக்கிற சத்தம். ரோடெல்லாம் தேங்காய்த் தண்ணீர், சிதறிய ஓடு. மத்தியான வெயிலில் தேர் அந்த மரத்தை நெருங்கியது. துவான் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளைக்கு நேர் கீழே நின்றார், விழுந்தால் என்மேல் விழட்டும் என்பது போல. அந்தப் பெண் அவருக்குப் பக்கத்தில். அவளுடைய அம்மாவையும் கூட்டி வந்திருந்தாள்; அந்த அம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். நம் தேர் அவர்கள் கோயிலுடையது இல்லை, இருந்தாலும் கூட்டுக்காக வந்தார்கள்.

தேர் அசைந்து அசைந்து வந்தது. உச்சி கிளைக்கு அடியில் நுழைந்தது. ஒரு முழத்துக்கு மேல் இடைவெளி என்றாலும் கீழேயிருந்து பார்க்கும்போது ஒரு விரல்கூட இல்லாத மாதிரி இருக்கிறது. உச்சி அந்தப் பக்கம் வெளியே வந்தது. ஓர் இலைகூட அசையவில்லை.

“வேல் வேல்!” என்று ஜனம் கத்தியது. எங்களோடு சேர்ந்து துவானும் கத்தினார். நான் கேட்டேன், பொய்யில்லை.

ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. இவ்வளவு சத்தத்தில் அப்பாப் பறவை வருமா? அதுதான் மிச்சமிருந்த பயம். தேர் தாண்டிப் போயிற்று, ஜனமும் பின்னாலேயே போயிற்று. குப்பை கூட்டுகிறவர்கள் தேங்காய் ஓட்டைத் தள்ளத் தொடங்கினார்கள். நாங்கள் மட்டும் நின்றோம். அவள் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. என் கூட்டாளி மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது. வெயில் சாய்கிற நேரத்தில், ஒன்றுமே நடக்காதது மாதிரி வந்து, பழத்தை நீட்டியது. உள்ளேயிருந்து அலகு வாங்கிக்கொண்டது. அந்தப் பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என் கூட்டாளி ரோட்டில் கிடந்த ஒரு முழுத் தேங்காயை எடுத்து ஓங்கி உடைத்தார். “என் வேண்டுதல்,” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. சித்திரை மாதம் ஒரு காலையில் அவளுடைய கைப்பேசிக்குத் துவானிடமிருந்து அழைப்பு. அவள் அப்போது எங்கள் லோரியில்தான் இருந்தாள். வேறு சாலைகளில் எந்த மரத்தில் பொந்து இருக்கிறது என்று எங்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பறவைகள் உள்ளே அடைவதற்கு முன்பே, வருஷக் கடைசியிலேயே அந்த மரங்களின் வேலையை முடித்துவிட வேண்டும் என்பது துவானின் புது உத்தரவு. அவள் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“சிக்! பிள்ளை வெளிய வந்துடுச்சு!” துவான் கத்தினார். “நான் தினம் இந்தப் பக்கமாத்தான் வேலைக்கு வர்றேன். இன்னிக்குப் பாத்தா வாசல் உடைஞ்சு கெடக்கு! தாய் மரத்து மேல உக்காந்திருக்கு. குட்டி ஒண்ணு பறக்கத் தெரியாம பஸ் நிக்கிற எடத்துக் கூரையில உக்காந்துருச்சு. கீழே எறங்கிடும்போல இருக்கு. சீக்கிரம் வாங்க!”

நான் லோரியைத் திருப்பிய வேகத்தை உங்கள் அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, துவான் தன் காடியிலிருந்து ஆரஞ்சு நிறக் கூம்புகளை எடுத்து பஸ் நிற்கும் இடத்தைச் சுற்றி வைத்துவிட்டிருந்தார். பஸ்ஸை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். பாசாரில் காய்கறி வாங்கிய பையோடு நின்ற ஒரு சீனப் பாட்டி, “எதுக்கு இங்க நிக்கக்கூடாது?” என்று மலாயில் சண்டை பிடித்தார். துவான் கூரையைக் காட்டினார். அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டார். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் போகாமல் நின்றார்கள்.

கூரையின் விளிம்பில் குஞ்சு உட்கார்ந்திருந்தது. அலகு இன்னும் சின்னது, தொப்பி முளைக்கவில்லை. மரத்தில் அப்பா பழத்தை அலகில் வைத்துக்கொண்டு கெக்கெக்கென்று கூப்பிட்டது. ஊட்ட இறங்கி வரவில்லை. நீ வா என்று கூப்பிட்டது.

“நாம ஏதாவது செய்யணுமா?” என்று துவான் அவளிடம் கேட்டார்.

“ஒண்ணும் வேணாம், துவான். நீங்க செஞ்சதே போதும்.”

குஞ்சு சிறகை விரித்தது, மடக்கியது. மறுபடி விரித்தது. பிறகு கூரையிலிருந்து தன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டது. பஸ்ஸின் தலைக்கு மேலே தாழ்ந்து, என் கூட்டாளி “ஏய் ஏய் ஏய்!” என்று கத்த, எங்கிருந்தோ வலு வந்து மேலே ஏறி, நாங்கள் வெட்டாமல் விட்ட கிளையில் போய்த் தொங்கலாக உட்கார்ந்தது. அப்பா தாவி வந்து பழத்தை அதன் வாயில் வைத்தது.

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள்.